தாடை அறுவை சிகிச்சைக்கு முந்தைய பல் சீரமைப்பு: முகத் தோற்றத்தில் ஏற்படும் மாற்றங்கள்

மேல் தாடையும் கீழ் தாடையும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் வளர்ந்தவர்களுக்குப் பல் சீரமைப்பும் தாடை அறுவை சிகிச்சையும் இணைந்த சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. இதன் முதற்கட்டத்தில் பற்களில் கம்பி பொருத்தப்பட்டு, அறுவை சிகிச்சைக்கு ஏற்ற நிலைக்கு அவை நகர்த்தப்படுகின்றன. ஓராண்டு அல்லது அதற்கும் மேலாக நீடிக்கும் இக்கட்டத்தில் பலருடைய முகத்தில், சிகிச்சை தொடங்கும் முன் இருந்ததைவிடக் குறைபாடு மிகுதியாகத் தெரியும். இது பெரும்பாலும் சிகிச்சையின் தவறு அன்று. முன்கூட்டியே கணக்கிடப்பட்ட, தற்காலிகமான நிலையாகும்.

இதனை முன்னரே அறியாதவர்கள் அச்சமுற்று, சிகிச்சையை நடுவில் கைவிட நேரிடுகிறது. அவ்வாறு கைவிடுவதே இச்சிகிச்சையில் தவிர்க்கக்கூடிய பெரிய இழப்பாகும். நோயாளிகளும் குடும்பத்தினரும் பராமரிப்பாளர்களும் அறிந்திருக்க வேண்டியவற்றை இப்பக்கம் விளக்குகிறது. ஒரகடம், வல்லக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் பகுதிகளில் தொழிற்சாலைப் பணியில் உள்ளவர்களுக்கான குறிப்புகளும் இதில் இடம்பெற்றுள்ளன.

முக்கியக் கருத்துகள்

• இக்கட்டத்தில் நகர்வன பற்களே. தாடை எலும்பு தன் இடத்திலேயே இருக்கும். பற்களைச் சார்ந்துள்ள உதடுகளின் நிலை மாறுவதால் முகம் மாறியதாகத் தெரிகிறது.
• அறுவை சிகிச்சைக்கு முந்தைய பல் சீரமைப்பு பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் நடைபெறும். சிலருக்கு 24 மாதங்கள் வரை ஆகலாம்.
• தோற்ற மாற்றம் எவ்வளவு இருக்கும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே மருத்துவரிடம் கேட்டு அறியலாம்.
• அறுவை சிகிச்சை செய்துகொள்ள இயலுமா என்பதில் ஐயம் இருப்பின், அதனைக் கம்பி பொருத்தும் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

இச்சிகிச்சை யாருக்குத் தேவைப்படுகிறது?

பற்கள் மட்டும் வரிசை தவறியிருந்தால் கம்பி சிகிச்சையே போதுமானது. தாடை எலும்புகளின் அளவிலோ அமைவிடத்திலோ பெரிய வேறுபாடு இருந்தால் கம்பியினால் மட்டும் அதனைச் சரிசெய்ய இயலாது. கீழ்க்காணும் நிலைகளில் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது:

• கீழ் தாடை முன்னோக்கி நீண்டிருத்தல், அல்லது மேல் தாடை உள்வாங்கியிருத்தல்.
• கீழ் தாடை சிறுத்துப் பின்தங்கியிருத்தல்.
• கடைவாய்ப்பற்கள் கடிக்கும்போதும் முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் திறந்திருத்தல்.
• சிரிக்கும்போது ஈறு மிகுதியாகத் தெரியுமாறு மேல் தாடை நீண்டிருத்தல்.
• தாடை ஒரு பக்கமாக விலகி, முகம் சமச்சீரின்றி இருத்தல்.
• உதட்டுப்பிளவு, அண்ணப்பிளவு அறுவை சிகிச்சைக்குப் பின் மேல் தாடையின் வளர்ச்சி குறைந்திருத்தல்.

இச்சிகிச்சை அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று. உணவைக் கடித்து உண்ணுதல், தெளிவாகப் பேசுதல், உதடுகளை இயல்பாக மூடுதல், சிலருக்கு உறக்கத்தில் தடையின்றி மூச்சுவிடுதல் ஆகியவையும் இதனால் மேம்படக்கூடும்.

தாடை வளர்ச்சி முடிவுற்ற பின்னரே இவ்வறுவை சிகிச்சை பொதுவாகச் செய்யப்படுகிறது. பெண்களுக்கு ஏறத்தாழ 16 முதல் 18 வயதிலும், ஆண்களுக்கு 18 முதல் 21 வயதிலும் வளர்ச்சி நிறைவடைகிறது. கீழ் தாடை நீண்டவர்களுக்கு வளர்ச்சி மேலும் சிறிது காலம் தொடரக்கூடும் என்பதால், இடைவெளி விட்டு எடுக்கப்படும் எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டு மருத்துவர் முடிவு செய்வார்.

பற்கள் தாடைக் குறையை எவ்வாறு மறைக்கின்றன?

தாடைகள் பொருந்தாதபோது, நாக்கும் உதடுகளும் கன்னத் தசைகளும் தரும் அழுத்தத்தால் பற்கள் தாமாகவே சாய்ந்து, ஒன்றையொன்று சந்திக்க முயல்கின்றன. கீழ் தாடை முன்னோக்கி நீண்டவர்களுக்குக் கீழ் வெட்டுப்பற்கள் நாக்கை நோக்கி உட்புறமும், மேல் வெட்டுப்பற்கள் உதட்டை நோக்கி வெளிப்புறமும் சாய்கின்றன. கீழ் தாடை பின்தங்கியவர்களுக்குக் கீழ் வெட்டுப்பற்கள் வெளிப்புறம் சாய்கின்றன. இதனால் எலும்பில் உள்ள வேறுபாட்டின் ஒரு பகுதி வெளியே தெரியாமல் மறைகிறது. இதனைப் பல் ஈடுசெய்தல் என்பர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒருவருடைய கீழ் தாடை எலும்பு இருக்க வேண்டிய இடத்தைவிட 10 மில்லிமீட்டர் முன்னால் உள்ளது எனக் கொள்வோம். பற்கள் சாய்ந்து அதில் 6 மில்லிமீட்டரை மறைத்துவிட்டால், முன்பற்களிடையே தெரியும் வேறுபாடு 4 மில்லிமீட்டர் மட்டுமே. அந்நிலையிலேயே அறுவை சிகிச்சை செய்தால், தாடையை ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் நகர்த்தியவுடன் பற்கள் ஒன்றையொன்று தடுத்துவிடும். எஞ்சிய 6 மில்லிமீட்டர் குறை முகத்தில் அப்படியே தங்கிவிடும்.

எனவே, அறுவை சிகிச்சைக்கு முன் பற்களை அந்தந்தத் தாடை எலும்பின் மீது நேராக நிமிர்த்த வேண்டியுள்ளது. மறைந்திருந்த வேறுபாடு முழுவதும் அப்போது வெளிப்படும். மேற்கண்ட எடுத்துக்காட்டில் 4 மில்லிமீட்டராகத் தெரிந்தது 10 மில்லிமீட்டராகத் தெரியும். குறை புதிதாக உண்டாகவில்லை. ஏற்கெனவே இருந்தது கண்ணுக்குப் புலப்படுகிறது. அதன் பின்னரே அறுவை சிகிச்சை நிபுணரால் தாடையை முழு அளவுக்கு நகர்த்த முடிகிறது.

குறைபாட்டின் வகைக்கேற்ற மாற்றங்கள்

கீழ் தாடை நீண்டவர்கள்: கீழ் முன்பற்கள் வெளிப்புறம் நிமிர்வதால் கீழ் உதடு முன்தள்ளும். மேல் முன்பற்கள் உள்ளே செல்வதால் மேல் உதடு சற்றே உள்வாங்கும். கீழ் உதட்டுக்கும் முகவாய்க்கும் இடையிலுள்ள பள்ளத்தின் ஆழம் மாறித் தெரியலாம். பக்கவாட்டுத் தோற்றத்தில் தாடை மேலும் வளர்ந்துவிட்டது போன்ற எண்ணம் ஏற்படும். மேல் பற்களைப் பின்னகர்த்த இடம் வேண்டி, சிலருக்கு மேல் முன்கடைவாய்ப்பற்கள் இரண்டு அகற்றப்படலாம்.

கீழ் தாடை பின்தங்கியவர்கள்: கீழ் முன்பற்கள் பின்னோக்கி நிமிர்த்தப்படுவதால் மேல் பற்களுக்கும் கீழ் பற்களுக்கும் இடையிலான இடைவெளி பெரிதாகும். மேல் பற்கள் துருத்திக்கொண்டிருப்பது போலவும், முகவாய் மேலும் பின்னே சென்றது போலவும் தெரியும். கீழ் உதடு மேல் பற்களின் பின்னே சிக்கிக்கொள்ளக்கூடும். இவர்களில் சிலருக்குக் கீழ் முன்கடைவாய்ப்பற்கள் அகற்றப்படலாம்.

முன்பற்கள் திறந்திருப்பவர்கள்: முன்பற்களைக் கம்பியால் இழுத்து மூடினால் அவை பின்னர் பழைய நிலைக்குத் திரும்பும் வாய்ப்பு மிகுதி. ஆகவே மருத்துவர் அவ்விடைவெளியை மூட முயலாமல் அறுவை சிகிச்சைக்கென விட்டுவைப்பார். பற்கள் நேராகும்போது இடைவெளி சற்றே அதிகரிக்கவும் கூடும். மாதங்கள் கடந்தும் இடைவெளி குறையாததைச் சிகிச்சையின் தோல்வியாகக் கருத வேண்டாம்.

முகம் ஒரு பக்கம் விலகியவர்கள்: விலகலை மறைக்கும் வகையில் சாய்ந்திருந்த பற்கள் நிமிரும்போது, மேல் பல் வரிசையின் நடுக்கோடும் கீழ் பல் வரிசையின் நடுக்கோடும் மேலும் விலகும். முகவாயின் கோணல் கூடுதலாகத் தெரியும்.

மேல் தாடை குறுகியவர்கள்: சிலருக்கு மேல் தாடையை அகலப்படுத்தும் கருவி பொருத்தப்படும். பெரியவர்களுக்கு இதற்கென முன்னதாகவே ஒரு சிறிய அறுவை சிகிச்சை தேவைப்படலாம். கருவியைச் சுழற்றத் தொடங்கியதும் மேல் முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி தோன்றும். தாடை விரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். பின்னர் அது மூடப்படும்.

இவை தவிர, பற்கள் நகரும்போது சில பற்கள் மட்டும் முன்னதாக மோதுவதாலோ, கடியை உயர்த்தக் கடைவாய்ப்பற்களின் மீது வைக்கப்படும் சிறு மேட்டினாலோ வாய் முழுவதும் மூடாமல் முகம் சற்று நீண்டதாகத் தெரியலாம். மெல்ல இயலாமல் உணவு குறைந்து உடல் எடை குறைந்தால், கன்னங்கள் ஒட்டியதாகவும் தோன்றும்.

மாற்றங்கள் எப்போது தெரியத் தொடங்கும்?

பற்கள் மாதத்திற்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் அளவிலேயே நகர்கின்றன. எனவே மாற்றம் படிப்படியாக நிகழும்.

முதல் சில மாதங்கள்: மெல்லிய கம்பிகளால் பற்கள் வரிசைப்படுத்தப்படும். கம்பிக்கும் அதன் பிடிகளுக்கும் இடம் விட்டு உதடுகள் சற்றுப் புடைத்துத் தெரியும். இது பழகிவிடும்.

நடுப்பகுதி: பற்கள் நிமிர்த்தப்படும். தோற்ற மாற்றம் இக்காலத்திலேயே வெளிப்படையாகத் தெரியத் தொடங்கும். நண்பர்களும் உறவினர்களும் இதனைக் கவனித்துக் கேட்பதும் இப்போதுதான்.

இறுதி மாதங்கள்: தடித்த கம்பி பொருத்தப்பட்டு, அறுவை சிகிச்சையின்போது தாடைகளைக் கட்டுவதற்கான சிறு கொக்கிகள் இணைக்கப்படும். பல் அச்சு, எக்ஸ்ரே, ஸ்கேன், புகைப்படங்கள் ஆகியவை எடுக்கப்படும். குறைபாடு முழு அளவில் தெரிவது இப்போதுதான். கண்ணாடியில் முகம் மிகவும் மாறிவிட்டதாகத் தோன்றும் இக்காலம், அறுவை சிகிச்சைக்கு மிக அண்மையில் இருக்கும் காலமும் ஆகும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் கடியைத் துல்லியமாக்க மேலும் 6 முதல் 12 மாதங்கள் கம்பி தொடரும். கீழ் தாடை அறுவை சிகிச்சை செய்யப்பட உள்ளவர்களுக்கு முளைக்காத ஞானப்பற்கள் இருந்தால், எலும்பு ஆறுவதற்காக அவை பல மாதங்களுக்கு முன்பே அகற்றப்படுவது வழக்கம்.

முதலில் அறுவை சிகிச்சை செய்துகொள்ள இயலாதா?

தகுதியுள்ள சிலருக்கு முன்சீரமைப்பு இன்றியோ மிகக் குறுகிய முன்சீரமைப்புடனோ அறுவை சிகிச்சை செய்து, பின்னர் பற்களை நேராக்கும் முறை உள்ளது. ஜப்பான், தென் கொரியா ஆகிய நாடுகளில் 2000-களின் பிற்பகுதியிலிருந்து இம்முறை பரவலானது. இதில் தோற்றம் குன்றும் காலம் பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. ஆயினும், அறுவை சிகிச்சையின்போது பற்கள் சரியாகப் பொருந்தாத நிலையிலேயே தாடையை நிறுத்த வேண்டியிருப்பதால் திட்டமிடல் கடினமானது. பற்கள் மிகவும் நெருக்கமாக உள்ளவர்களுக்கும், மேல், கீழ் பல் வரிசைகளின் அகலம் பெரிதும் பொருந்தாதவர்களுக்கும் இது ஏற்றதன்று. உங்களுக்கு இது பொருந்துமா என மருத்துவரிடம் கேட்கலாம்.

இயல்பானவையும் கவனம் தேவைப்படுபவையும்

இயல்பானவை:
• கம்பி மாற்றிய பின் இரண்டு, மூன்று நாட்கள் பற்களில் வலி.
• பற்கள் சற்று அசைவது போன்ற உணர்வு.
• முன்பற்களால் கடித்து உண்ண இயலாமை.
• 'ச', 'ஸ' போன்ற ஒலிகளில் சிறு மாற்றம்.
• உதடுகளை மூடக் கூடுதல் முயற்சி.

பல் சீரமைப்பு மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டியவை:
• ஒரு பல் மட்டும் மிகுதியாக ஆடுதல் அல்லது நிறம் மாறுதல்.
• கீழ் முன்பற்களின் ஈறு கீழிறங்கி, பல்லின் வேர் தெரிதல். மெல்லிய ஈறு உள்ளவர்களுக்குப் பற்களை வெளிப்புறம் நகர்த்தும்போது இது நேரிடலாம்.
• வாயைத் திறக்க இயலாமை, தாடை மூட்டில் தொடர்ந்து வலி.
• ஈறு வீங்கி இரத்தம் கசிதல்.
• உடல் எடை தொடர்ந்து குறைதல்.

முகமோ கழுத்தோ வேகமாக வீங்குதல், காய்ச்சலுடன் சீழ், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் ஆகியவை அவசர நிலைகளாகும். உடனே 108 ஆம்புலன்ஸ் சேவையை அழைக்கவும், அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.

உணவும் பல் தூய்மையும்

முன்பற்கள் பொருந்தாத நிலையில், உணவைச் சிறு துண்டுகளாக்கிக் கடைவாயில் வைத்து மெல்ல வேண்டும். குழைந்த சோறு, பருப்பு, கீரை மசியல், சாம்பாரில் ஊறிய இட்லி, கேழ்வரகுக் கூழ், தயிர், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவை ஏற்றவை. கொய்யா, ஆப்பிள் போன்றவற்றைக் கடிக்காமல் நறுக்கி உண்ணலாம். முறுக்கு, சீடை, கடலை மிட்டாய், கரும்பு, எலும்பைக் கடித்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஒவ்வொரு முறை பிடி உடையும்போதும் சிகிச்சைக் காலம் நீள்கிறது.

ஃபுளோரைடு கலந்த பற்பசையால் ஒவ்வோர் உணவுக்குப் பின்னரும் பல் துலக்குவது நல்லது. கம்பிக்கும் பல்லுக்கும் இடையே சிறு தூரிகையைப் பயன்படுத்தலாம். கம்பி குத்தும் இடத்தில் வைக்க மருத்துவமனையில் மெழுகு வழங்கப்படும். புகையிலையும் புகைப்பழக்கமும் எலும்பும் காயமும் ஆறுவதைத் தாமதப்படுத்துவதால் அவற்றைக் கைவிட வேண்டும்.

ஒரகடம் – வல்லக்கோட்டைப் பகுதித் தொழிலாளர்களுக்கு

காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பூங்காக்களில் பணிபுரிவோரில் பலர் இச்சிகிச்சைக்கு உரிய வயதினர். பலர் பிற மாவட்டங்களிலிருந்து வந்து வாடகை அறைகளிலும் விடுதிகளிலும் தங்கியுள்ளனர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிப்காட் தங்குமிடம் மட்டும் 18,720 படுக்கைகள் கொண்டது. குடும்பம் அருகில் இல்லாமல் இரண்டாண்டுச் சிகிச்சையை மேற்கொள்பவர்கள் பின்வருவனவற்றை முன்னரே திட்டமிடுவது நல்லது.

மருத்துவமனை வருகை: பொதுவாக 4 முதல் 6 வாரங்களுக்கு ஒரு முறை செல்ல வேண்டியிருக்கும். சுழற்சிப் பணியில் உள்ளவர்கள் பணி அட்டவணையை மருத்துவரிடம் காட்டி நாள் குறித்துக்கொள்ளலாம். இரவுப் பணி முடித்து உறக்கமின்றி வருவதைவிட, வார விடுப்பை ஒட்டிய வேலை நாளைத் தேர்வது எளிது.

பணி மாற்றம், ஊர் மாற்றம்: ஒப்பந்தக் காலம் முடிந்து சொந்த ஊர் திரும்ப நேர்ந்தால், சிகிச்சைக் குறிப்புகள், எக்ஸ்ரே படங்கள், பல் அச்சு ஆகியவற்றின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். வேறு மருத்துவமனையில் சிகிச்சையைத் தொடர அவை இன்றியமையாதவை. பணி நிரந்தரமில்லை எனில் அதனைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கூறுங்கள்.

உணவு: விடுதி உணவகத்தில் மென்மையான உணவு கிடைக்குமா என விசாரியுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில வாரங்கள் நீராகாரமும் மசித்த உணவும் மட்டுமே உண்ண முடியும். அக்காலத்தில் உடன் ஒருவர் இருப்பது அவசியம். சொந்த ஊருக்குச் செல்வதாயின் மறுபரிசோதனை நாட்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

விடுப்பு: முன்சீரமைப்புக் காலத்தில் வழக்கம்போல் பணி செய்யலாம். அறுவை சிகிச்சைக்குப் பின் எளிய பணிக்குத் திரும்ப 2 முதல் 4 வாரங்களும், பளு தூக்கும் பணிக்கு 6 வாரங்கள் அல்லது அதற்கு மேலும் ஆகலாம். முகவாய்ப் பட்டையுள்ள தலைக்கவசம் அணிய மருத்துவரின் அனுமதி வேண்டும்.

முக அடையாள வருகைப்பதிவு: முகத்தைக் கொண்டு வருகை பதிவு செய்யும் கருவி பணியிடத்தில் இருந்தால், அறுவை சிகிச்சைக்குப் பின் முகத்தை மீண்டும் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம். மருத்துவச் சான்றிதழுடன் மனிதவளப் பிரிவுக்கு முன்னரே தெரிவிக்கவும்.

சிகிச்சை பெறுமிடமும் செலவும்

இச்சிகிச்சைக்குப் பல் சீரமைப்பு நிபுணரும் வாய், முகம், தாடை அறுவை சிகிச்சை நிபுணரும் சேர்ந்து திட்டமிட வேண்டும். இவ்விரு துறைகளும் சென்னையிலுள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் உள்ளன. 1953-இல் தொடங்கப்பட்ட இம்மருத்துவமனை, சென்னைக் கோட்டை ரயில் நிலையத்திற்கு அருகில் அமைந்துள்ளது. ஒரகடம் பகுதியிலிருந்து பேருந்தில் சிங்கப்பெருமாள்கோவில் அல்லது வண்டலூர் சென்று, அங்கிருந்து கடற்கரை நோக்கிச் செல்லும் புறநகர் ரயிலில் கோட்டை நிலையத்தில் இறங்கலாம். முதற்கட்ட ஆலோசனைக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் பல் பிரிவை அணுகிப் பரிந்துரைக் கடிதம் பெறலாம்.

மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மிகாதவர்கள் இ.எஸ்.ஐ. திட்டத்தில் வருவர், 2017 ஜனவரியில் இவ்வரம்பு நிர்ணயிக்கப்பட்டது. தகுதியுள்ள காப்பீட்டாளர்களுக்கு, மருத்துவர் சான்றளிக்கும் நோய் விடுப்பு நாட்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை வழங்கப்படுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பங்களுக்கு உரியது. எல்லா வகைப் பல், தாடைச் சிகிச்சைகளும் இத்திட்டங்களில் அடங்கும் எனக் கருத வேண்டாம். உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை, குறிப்பாக அறுவை சிகிச்சைக் கட்டம், எந்தத் திட்டத்தில் வரும் என்பதைக் கம்பி பொருத்தும் முன்பே எழுத்து வடிவில் உறுதி செய்துகொள்ளுங்கள். பொதுவான தகவல்களுக்கு 104 சுகாதார உதவி எண்ணை அழைக்கலாம்.

நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்?

கம்பி சிகிச்சையை மட்டும் செய்துகொண்டு அறுவை சிகிச்சையைத் தவிர்த்தால், வெளிப்படுத்தப்பட்ட குறை அப்படியே நின்றுவிடும். தோற்றமும் கடியும் தொடக்கத்தைவிட மோசமான நிலையில் இருக்கும். கம்பியை அகற்றிவிட்டால் பற்கள் கட்டுப்பாடின்றி நகரும். அகற்றிய பற்களைத் திரும்பப் பெற இயலாது. பற்களை மீண்டும் பழைய சாய்வுக்குக் கொண்டுவர முயலலாம் எனினும், அதற்கு மேலும் பல மாதங்கள் ஆகும். வேர்களும் ஈறும் பாதிக்கப்படும் வாய்ப்பும் கூடும்.

அறுவை சிகிச்சை வேண்டாம் என முடிவு செய்ய நோயாளிக்கு எக்கட்டத்திலும் உரிமை உண்டு. அவ்வாறு முடிவு செய்பவர்கள் வருகையை நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் நேரில் தெரிவித்தால், இயன்ற அளவு பாதுகாப்பாகச் சிகிச்சையை முடிக்க அவர் வழி காண்பார். திருமணம், வெளிநாட்டுப் பணி, கருவுறுதல் ஆகியவை இக்காலத்தில் நேரக்கூடும் எனில் அதனையும் முன்னரே கூறுங்கள். கருவுற்ற காலத்தில் இவ்வறுவை சிகிச்சை பொதுவாகத் தள்ளிவைக்கப்படுகிறது.

மனநலமும் குடும்பத்தினரின் பங்கும்

முகம் மாறுவதைத் தாங்கிக்கொள்வது எளிதன்று. புகைப்படம் எடுக்க மறுத்தல், வாயைக் கையால் மறைத்துப் பேசுதல், விழாக்களையும் பெண் பார்க்கும் நிகழ்வுகளையும் தவிர்த்தல் ஆகியவை பலரிடம் காணப்படுகின்றன. இவை புரிந்துகொள்ளத்தக்கவை. பின்வருவன உதவக்கூடும்:

• மாதம் ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். நாள்தோறும் கண்ணாடியில் ஆராய்வதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.
• தற்போதைய நிலையையும் திட்டமிட்ட நிலையையும் ஒப்பிட்டுக் காட்டுமாறு மருத்துவரிடம் கேளுங்கள். கணினியில் காட்டப்படும் உத்தேசப் படம் வழிகாட்டி மட்டுமே. அது உறுதிமொழி ஆகாது.
• பிறர் கேட்டால் கூறுவதற்கு ஒரு சிறு விடையை ஆயத்தமாக வைத்திருங்கள்: 'தாடை அறுவை சிகிச்சைக்காகப் பற்களை நேராக்குகிறார்கள். இது இடைக்கால நிலைதான்.'

குடும்பத்தினர், 'முன்பே நன்றாக இருந்தாயே', 'இதற்குத்தானா இத்தனை செலவு' போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டும். அதே வேளையில், மாற்றமே இல்லை என மறுப்பதும் பயன் தராது. மாற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன் காரணத்தை நினைவூட்டுவதே உதவும். முடிந்தால் ஒருமுறையேனும் நோயாளியுடன் சென்று மருத்துவரின் விளக்கத்தை நேரில் கேளுங்கள்.

உறக்கமின்மை, தொடர்ந்த சோர்வு, வேலைக்குச் செல்ல விருப்பமின்மை, உயிர் வாழ்வதில் வெறுப்பு ஆகியவை தோன்றினால் தாமதிக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் இலவச மனநல ஆலோசனை பெறலாம். 104 எண்ணையும் அழைக்கலாம்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முகம்

அறுவை சிகிச்சை பொதுவாக வாயின் உட்புறமாகவே செய்யப்படுவதால் முகத்தில் பெரிய தழும்புகள் இரா. கீழ் தாடையைப் பிளந்து நகர்த்தும் முறையை ஹ்யூகோ ஒப்வெகேசர் என்ற மருத்துவர் 1950-களில் வகுத்தார்; அம்முறையின் திருத்திய வடிவமே இன்றும் பரவலாகப் பயன்பாட்டில் உள்ளது. வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாட்களில் உச்சத்தை அடைந்து, அதன் பெரும்பகுதி 3 முதல் 4 வாரங்களில் வடியும். எஞ்சிய வீக்கம் முற்றிலும் நீங்கி இறுதித் தோற்றம் தெளிவாக 6 முதல் 12 மாதங்கள் ஆகலாம். கீழ் உதட்டிலும் முகவாயிலும் உணர்ச்சிக் குறைவு பலருக்கு ஏற்படும். பெரும்பாலும் மாதங்களில் குறையும், சிலருக்கு ஓரளவு நிலைத்துவிடலாம். ஆகவே முதல் வாரங்களில் காணும் முகத்தையும் இறுதி முகமாகக் கருத வேண்டாம்.

ஒப்புதல் அளிக்கும் முன் கேட்க வேண்டியவை

1. என் தாடைக் குறை எவ்வளவு? அதில் பற்கள் மறைத்திருப்பது எவ்வளவு?
2. முன்சீரமைப்பின் இறுதியில் என் முகம் எவ்வாறு மாறியிருக்கும்? என் நிலையை ஒத்தவர்களின் படங்களைக் காண இயலுமா?
3. பற்கள் அகற்றப்படுமா? எவை, எதற்காக?
4. முதலில் அறுவை சிகிச்சை செய்யும் முறை எனக்குப் பொருந்துமா?
5. அறுவை சிகிச்சையை எங்கு, யார் செய்வார்? உத்தேச மாதம் எது?
6. ஒவ்வொரு கட்டத்திற்கும் செலவு எவ்வளவு? காப்பீடு எதற்குப் பொருந்தும்?
7. நான் ஊர் மாற நேர்ந்தால் சிகிச்சை எவ்வாறு தொடரும்?
8. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாவிடில் எனக்குள்ள பிற வழிகள் யாவை?

இக்கேள்விகளுக்குத் தெளிவான விடை கிடைக்கும் வரை கம்பி பொருத்த அவசரம் காட்ட வேண்டியதில்லை. பல் சீரமைப்பு மருத்துவரையும் அறுவை சிகிச்சை நிபுணரையும் தொடக்கத்திலேயே ஒருசேரச் சந்திக்க வாய்ப்பிருந்தால் அதனைத் தவறவிடாதீர்கள். இப்பக்கத்திலுள்ள தகவல்கள் பொது விழிப்புணர்வுக்கானவை. உங்களுக்குரிய சிகிச்சை முடிவை உங்களைப் பரிசோதித்த மருத்துவருடன் கலந்தாலோசித்தே எடுக்க வேண்டும்.